சீட்டைத் தொடாமல் போக்கர் கற்ற அலுவலகம்

எங்கள் அலுவலகத்தின் பணி, ஊரில் உள்ள மேல்நிலை நீர்த்தொட்டிகளைப் பராமரிப்பது. தொட்டிகள் மொத்தம் பதினொன்று. அவற்றைப் பராமரிக்க நாங்கள் நாற்பத்து மூன்று பேர். தொட்டிக்கு நாலு பேர் வீதம் நாலு பக்கமும் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது. நாற்பத்து மூன்று பேரில் தொட்டியை நேரில் பார்த்தவர்கள் நாலு பேர். ஏறிப் பார்த்தவர் ஒருவர். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். மற்றவர்கள் கோப்புகளைப் பார்ப்பவர்கள். நான் தலைமை எழுத்தர், அதாவது கோப்புகளைப் பார்ப்பவர்களைப் பார்ப்பவன்.

எங்கள் இயக்குநருக்குப் புதிய யோசனைகள் குளிக்கும்போதுதான் வரும். அதிகாரிகள் குடியிருப்பில் அவர் வீட்டு ஷவரைத் திறந்தால் தண்ணீர் பொத்துக்கொண்டு கொட்டும். அரை மணி நேரம் அதன் கீழ் நிற்பார். ஈரம் காயாத தலையோடு அவர் அலுவலகத்துக்குள் நுழைந்தால் அன்றைக்கு ஒரு சுற்றறிக்கை நிச்சயம். இப்படித்தான் ஒரு வருஷம் நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டே வேலை பார்த்தோம். அடுத்த வருஷம் கோபத்துக்குச் சிவப்பு, சந்தேகத்துக்கு மஞ்சள் என்று தொப்பி மாட்டிக்கொண்டு கூட்டம் நடத்தினோம். அதற்கடுத்த வருஷம் தினமும் காலை பத்து மணிக்கு மேஜையைப் பார்த்து நன்றி சொன்னோம். எந்த வருஷமும் தொட்டியைப் போய்ப் பார்க்கச் சொல்லவில்லை என்பதால் எங்களுக்கும் அவர்மேல் ஒரு மரியாதை இருந்தது.

இந்த வருஷம் மூன்று நாள் தலைமைப்பண்பு மாநாட்டுக்குப் போய்வந்தார். வந்த மறுநாள் ஈரத் தலையோடு என்னைக் கூப்பிட்டார்.

"ஹெட்கிளார்க், முடிவெடுக்கிறதுன்னா என்ன?"

"மேல அனுப்புறது சார்."

"அது அந்தக் காலம். இப்போ உலகத்துல பெரிய பெரிய நிறுவனத்துல எல்லாம் முடிவெடுக்க எதைக் கத்துக்கிறாங்க தெரியுமா? போக்கர்!"

"சீட்டாட்டமா சார்?"

இயக்குநர் முகம் சுளித்தார். "சீட்டாட்டம்னு சொல்லாதீங்க. அது தெருவுல ஆடறது. போக்கர் ஒரு சிந்தனை முறை. எதிராளி கையில என்ன இருக்குன்னு தெரியாம முடிவெடுக்கணும். நம்ம வேலையும் அதுதானே?"

எதுவுமே தெரியாமல் முடிவெடுப்பதுதான் எங்கள் வேலை என்பதை ஒரு இயக்குநரே இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டதைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது. உடனே சுற்றறிக்கை தட்டச்சானது. 'நமது அலுவலகத்தின் முடிவெடுக்கும் திறனை உலகத் தரத்துக்கு உயர்த்தும் பொருட்டு, அனைத்து நிலை ஊழியர்களும் போக்கர் சொற்களில் தேர்ச்சி பெற வேண்டியது. இனிவரும் கோப்புகளில் குறிப்புகள் யாவும் அச்சொற்களிலேயே எழுதப்பட வேண்டியது.'

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. எங்கள் நடத்தை விதிகளில் பதினான்காவது விதி, அலுவலக வளாகத்தில் சீட்டுக்கட்டு வைத்திருப்பது பணிநீக்கத்துக்கு உரிய குற்றம் என்கிறது. அந்த விதிப்படி எங்கள் ஜீப் ஓட்டுநர் ஏற்கெனவே தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜீப் கொட்டகையில் வாட்ச்மேனோடு சீட்டு ஆடினார் என்பது குற்றச்சாட்டு. வாட்ச்மேனே சாட்சியாகிவிட்டதால் வாட்ச்மேன் தப்பித்தார். பணிநீக்கத்தில் இருப்பவர் ஓடிப்போய்விடவில்லை என்று நிரூபிக்கக் காலையும் மாலையும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு கையெழுத்துக்கும் நடுவே ஓட்டுநர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

பயிற்சி கொடுக்க வந்தவர் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக, ஒரு புத்தம் புதுச் சீட்டுக்கட்டோடு வந்தார். வாசலில் அதே வாட்ச்மேன் பையைச் சோதித்து, விதி பதினான்கின்கீழ் கட்டைப் பறிமுதல் செய்து, அரக்கு வைத்து என் அலமாரியில் சேர்த்துவிட்டார். பயிற்சியாளர் திகைத்துப்போனார்.

"சீட்டு இல்லாம போக்கரை எப்படி சார் சொல்லிக் கொடுக்கிறது?"

"வார்த்தைகளைச் சொல்லிக் கொடுங்க, போதும். ஆடற அளவுக்கெல்லாம் இறங்க வேண்டாம்" என்றார் இயக்குநர்.

ஆக, இரண்டு நாள் பயிற்சி சீட்டு இல்லாமலே சிறப்பாக நடந்தது. அவர் சொன்னதை எல்லாம் தொகுத்து, 'புதிதாய் ஆடுவோருக்கான போக்கர் சொல்விளக்கக் கையேடு' என்று நாற்பது பக்கத்தில் நான்தான் உருவாக்கினேன். சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும், நல்ல புத்தகம். முன் அட்டையில் இயக்குநர் படம்.

படித்துக்கொண்டே போகப் போக எங்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இத்தனை வருஷமாக நாங்கள் செய்துகொண்டிருந்ததற்கெல்லாம் போக்கரில் கௌரவமான பெயர் இருந்தது. சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கட்டாயமாக வைக்கும் பந்தயம் 'பிளைண்ட்'. நாங்கள் படிக்காமலே போடும் கையெழுத்துக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டோம். கையில் ஒன்றும் இல்லாதபோதும் ஏதோ இருப்பதுபோல் காட்டுவது 'பிளஃப்'. எங்கள் ஆண்டறிக்கை அதுதான். விவரம் தெரியாமல் மேஜைக்கு வந்து உட்கார்ந்து எல்லோரிடமும் தோற்பவனை ஆட்டக்காரர்கள் 'மீன்' என்பார்களாம். மனுதாரர் என்ற சொல்லை அன்றோடு விட்டோம். தோற்றுத் தோற்று ஆத்திரத்தில் புத்தி தடுமாறுவது 'டில்ட்'. சரியாக ஆடியும் துரதிர்ஷ்டத்தால் தோற்பது 'பேட் பீட்'. ஒரு முடிவை அதன் விளைவை வைத்து எடைபோடக் கூடாது என்பது போக்கரின் தத்துவமாம். இந்தத் தத்துவம் இத்தனை நாள் எங்கள் கண்ணில் படாமல் போனதே என்று பொறியாளர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

ஆனால் எல்லாவற்றிலும் எங்கள் உள்ளத்தைக் கொள்ளை கொண்ட சொல் 'செக்'. கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் நான் எழுதிய விளக்கம் இது: 'செக் என்பது, தான் எந்தப் பந்தயமும் வைக்காமல், ஆட்டத்தை விட்டும் விலகாமல், முறையை அடுத்தவரிடம் தள்ளிவிடுவது.'

அதை உரக்க வாசித்தபோது அறை முழுவதும் கைதட்டல். நாற்பது வருஷமாகப் 'பரிசீலிக்கப்படலாம்', 'மேலாணைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று அரைப் பக்கம் எழுதி எழுதித் தேய்ந்த கைகள் அல்லவா! இனி இரண்டே எழுத்து. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் பயிற்சியாளர் சொன்ன ஒரு குறிப்பையும் சேர்த்திருந்தேன்: 'ஒருவர் பந்தயம் வைத்துவிட்டால், அதன்பின் மற்றவர்கள் செக் சொல்ல இயலாது.' சின்ன எழுத்து என்பதால் அதை யாரும் வாசிக்கவில்லை. தட்டச்சு செய்த நானும்தான்.

பிறகு தேர்வு வைத்தார்கள். எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு, பொறியாளருக்குத் தொண்ணூற்று நாலு. பணிநீக்கத்தில் இருந்தாலும் ஊழியர்தானே என்று தேர்வு எழுத வைத்த ஓட்டுநருக்கு ஒன்பது. 'கையில் ஒரு இரண்டும் ஒரு ஏழும், வேறு வேறு சாதிச் சீட்டாக இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு, 'கவிழ்த்து வச்சுட்டு டீ குடிக்கப் போவேன்' என்று எழுதியிருந்தார். போக்கரில் அதைவிட மோசமான கை கிடையாது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சரியான விடை, 'கையேட்டின் பக்கம் பன்னிரண்டின்படி தக்க முடிவு எடுக்கப்படும்' என்பது.

விடைத்தாளைக் கொடுத்தபோது அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஆடினதுக்கு என்னை வெளிய உக்கார வச்சுட்டீங்க. ஆடத் தெரியாதவங்க எல்லாம் உள்ள பாஸ். அப்படித்தானே சார்?"

"டில்ட் ஆகாதீங்க" என்றேன்.

இப்போது தையற்கடை அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாம் எண் தொட்டி ஒரு குறுகிய சந்தில் நிற்கிறது. அதன் தூண்களை ஒட்டினாற்போல அவருடைய கடை. முன்னால் தையல் மெஷின், பின்னால் வீடு. பின்னறைக் கட்டிலில் பக்கவாதத்தில் விழுந்த அவருடைய அப்பா. அவர் மல்லாந்து படுத்தபடி ஜன்னல் வழியே பார்த்தால் தெரிவது தொட்டியின் அடிப்பாகம் மட்டும்தான். அந்த அடிப்பாகத்தில் ஒரு விரிசல்.

அக்கா அந்த விரிசலை மாதாமாதம் ஏணி வைத்து ஏறி இஞ்ச் டேப்பால் அளந்து, வாடிக்கையாளர்களின் அளவு நோட்டிலேயே எழுதி வந்தார். ஒரு பக்கத்தில் யாருடைய தோள், யாருடைய கை நீளம். அடுத்த பக்கத்தில் தொட்டி. 'நீளம் முப்பத்தொன்று. அகலம், ஊசி நுழைகிறது.' அடுத்த மாதம், 'நீளம் முப்பத்தெட்டு. அகலம், கத்தரிக்கோல் முனை நுழைகிறது.' அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தொட்டியைக் காலி செய்து இடித்துவிட்டு வேறு கட்டுகிறோம் என்று ஒரு கையெழுத்து. இல்லாவிட்டால், தொட்டி பத்திரமாக இருக்கிறது, விழாது என்று ஒரு கையெழுத்து. எதுவானாலும் ஒரு கையெழுத்து. அதற்காகப் பதினொரு முறை நடந்திருந்தார்.

பன்னிரண்டாம் முறை வந்தபோது நாங்கள் உலகத் தரத்துக்கு உயர்ந்திருந்தோம். அவருடைய கோப்பு அன்று காலை புறப்பட்டது. இளநிலை எழுத்தர் 'செக்'. முதுநிலை எழுத்தர் 'செக்'. நான் 'செக்'. பொறியாளர் 'செக்'. இயக்குநர் பச்சை மையில் 'செக்'. முன்பெல்லாம் எட்டு மாதம் எடுக்கும் பயணத்தை முடித்துவிட்டு, மாலை நாலு மணிக்குக் கோப்பு புறப்பட்ட மேஜைக்கே வந்து சேர்ந்தது. இந்த வேகத்தைப் பாராட்டி இயக்குநர் எல்லோருக்கும் கை கொடுத்தார்.

அக்காவுக்குத்தான் இந்த முன்னேற்றம் புரியவில்லை.

"என்ன சார் முடிவு?"

"எல்லாரும் செக் சொல்லியாச்சும்மா."

"அப்படின்னா இடிப்பீங்களா, மாட்டீங்களா?"

பொறியாளர் தலையிட்டார். "இதோ பாருங்கம்மா, முப்பத்தெட்டு இஞ்ச்தானே? நாப்பதுன்னாகூட யோசிக்கலாம். ரெண்டு இஞ்சுக்கு ஏன் இப்படிப் பதறுறீங்க?"

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு நீங்க சொல்லலாம் சார். எனக்குத் தலைக்கு மேல தொட்டியே நிக்குது. எனக்குச் சாணும் முக்கியம், முழமும் முக்கியம். எங்கப்பா ராத்திரியெல்லாம் கண்ணை மூடாம அதையே பாத்துக்கிட்டு இருக்கார்!"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. விதிப்படி நான் அவருடைய மனுவில் 'டில்ட்' என்று முத்திரை குத்தினேன். டில்ட் ஆன மீன்களை மூன்று நாளைக்கு உள்ளே விடுவதில்லை. அவர் வெளியே போய், வராந்தா பெஞ்சில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. மடியில் எங்கள் கையேடு இருந்தது.

"இது என்ன கண்றாவி தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல விளையாட்டுக்கா. இவங்க கையில மாட்டிக்கிட்டு முழிக்குது" என்றார் ஓட்டுநர். "இந்த ஒன்பதாம் பக்கம் பாருங்க. சின்ன எழுத்துல இருக்கு பாருங்க, அது."

மூன்று நாளும் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். வளாகத்தில் போக்கரை உண்மையிலேயே கற்றுக்கொண்டவர் அக்கா ஒருவர்தான். அதைத் தடுக்க விதியில் இடமில்லை. வராந்தா பொதுமக்களுக்கு உரியது.

நாலாம் நாள் குறைதீர் கூட்டம். நீள மேஜையைச் சுற்றி இயக்குநர், பொறியாளர், நான், இன்னும் ஆறு பேர். அக்கா உள்ளே வந்தார். கையில் மனு இல்லை. வீட்டுச் சாவியையும், மெஷினின் பாபினையும், அப்பாவின் மருந்துச் சீட்டையும் மேஜை நடுவில் வைத்தார்.

"ஆல் இன்" என்றார்.

அந்தச் சொல் கையேட்டின் பதினாறாம் பக்கத்தில் இருக்கிறது: 'கையிலிருப்பது அனைத்தையும் ஒரே நேரத்தில் நடுவில் தள்ளிப் பந்தயம் வைப்பது.' ஆனால் அதை ஒருவர் நிஜமாகவே சொல்வார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

இயக்குநர்தான் முதலில் சமாளித்தார். "ரொம்ப நல்லதும்மா. உங்க ஆர்வத்தைப் பாராட்டறேன். செக்."

"சொல்ல முடியாது சார். நான் பந்தயம் வச்சுட்டேன். ஒன்பதாம் பக்கம், சின்ன எழுத்து."

எட்டு கையேடுகள் ஒரே நேரத்தில் புரண்டன. இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

"சரி, அப்போ நாங்க என்ன சொல்லணும்?" என்றார் பொறியாளர்.

"ரெண்டுல ஒண்ணு. 'கால்' சொல்லணும், இல்ல தோத்து விலகறோம்னு 'ஃபோல்டு' சொல்லணும். நீங்க அச்சடிச்சதுதான் சார். கால்னா எதிராளி வச்சதுக்குச் சமமா நாமளும் வைக்கிறது. நான் என் வீடு, என் பொழைப்பு, எங்கப்பா உசுரு மூணையும் வச்சிருக்கேன். இதுல யாருக்கு அந்தத் தொட்டி விழாதுன்னு நம்பிக்கை இருக்கோ, அவங்க கால் சொல்லுங்க. குடும்பத்தோட வந்து அதுக்குக் கீழே படுங்க. பாய் நான் போடறேன்."

பொறியாளர் தன் மனைவிக்கு ஈரம் ஒத்துக்கொள்ளாது என்றார். நிர்வாக அலுவலர் தமக்குத் தனியாகப் படுத்தால்தான் தூக்கம் வரும் என்றார். இன்னொருவர் அத்தை வீட்டில் விசேஷம் என்றார். என்னைப் பார்த்து அக்கா, "நீங்க சார்?" என்று கேட்டபோது, எனக்கு அந்தக் கட்டிலும் ஜன்னலும் ஒரு கணம் கண்ணுக்குள் வந்தன. தொட்டி விழும் என்று எனக்குத் தெரியும். அந்த மேஜையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் செக் சொன்னோம். இதை இங்கே எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

"ஃபோல்டு" என்றேன். என்னைத் தொடர்ந்து வரிசையாக எல்லோரும் 'ஃபோல்டு' என்றார்கள். கடைசியாக இயக்குநரும்.

"அப்போ நான் ஜெயிச்சுட்டேன்ல?" என்றார் அக்கா. முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "இடிக்கிறதுக்குக் கையெழுத்துப் போடுங்க."

இங்கேதான் எங்கள் அலுவலகத்தின் உண்மையான மேதைமை வெளிப்பட்டது. இயக்குநர் கையேட்டை மெதுவாகப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"அவசரப்படாதீங்க. இங்க பாருங்க. 'பாட் என்பது எல்லோரும் வைத்த பந்தயம் நடுவில் குவிந்திருப்பது. மற்ற அனைவரும் விலகிவிட்டால் அது மிஞ்சியவரைச் சேரும்.' நம்ம தரப்புல நடுவுல இருந்தது என்ன, ஹெட்கிளார்க்?"

"ஏழாம் எண் தொட்டி சார்."

"அப்போ தொட்டி யாருக்குச் சேரும்?"

பொறியாளர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அம்மாவுக்கு!"

அரை மணி நேரத்தில் ஆணை தயாரானது. 'ஏழாம் எண் மேல்நிலை நீர்த்தொட்டி, அதன் தூண்கள், குழாய்கள், அடைப்பான்கள், விரிசல்கள் ஆகிய யாவும், முறையாக நடந்த ஆட்டத்தில் வென்றவர் என்ற வகையில், தையற்கடை உரிமையாளருக்கு முழு உரிமையோடு வழங்கப்படுகின்றன.' ஒரு தொட்டிக்குக் கையெழுத்துப் போட எங்கள் அலுவலகத்தில் ஒன்பது பேர் முந்திக்கொண்டு வந்ததை அன்றுதான் பார்த்தேன். அக்கா ஆணையை இரண்டு முறை வாசித்தார். சிரிப்பு போய்விட்டது. ஆனாலும் மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, சாவியையும் பாபினையும் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

மாலையே இரண்டாவது கடிதத்தையும் அனுப்பினோம். 'தங்களுக்குச் சொந்தமான நீர்த்தொட்டி பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நிலையில் உள்ளதாக இவ்வலுவலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. ஏழு நாட்களுக்குள் ஆபத்தை நீக்கத் தவறினால் சட்டப்படி கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.' பதினொரு முறை அவர் நடந்து நடந்து சொன்னது அத்தனையும் எங்கள் கவனத்துக்கு வர ஒரே மாலை போதுமானதாக இருந்தது. தொட்டி எங்களுடையதாக இருந்தவரை அதில் விரிசல் தெரியவில்லை. கைமாறிய அன்றே தெரிந்துவிட்டது.

"இதுதான்யா ஆட்டம்!" என்று இயக்குநர் என் முதுகில் தட்டினார். கடிதத்தில் கையெழுத்து என்னுடையது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அதிகாரிகள் குடியிருப்பில் ஒரு அலறல் கேட்டது. இயக்குநர் தலையில் ஷாம்புவோடு ஷவருக்குக் கீழே நின்றிருக்கிறார். ஒரு யோசனை பாதி வந்துகொண்டிருந்த நேரம். தண்ணீர் நின்றுவிட்டது. அவர் வீட்டில் மட்டும் இல்லை, பொறியாளர் வீட்டில், என் வீட்டில், குடியிருப்பின் நாற்பது வீட்டிலும் குழாய்கள் இருமிவிட்டு ஓய்ந்தன.

ஏழாம் எண் தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. கோப்பில் 'பயனாளிகள்' என்ற கட்டம் தொடக்கம் முதலே காலியாக இருந்தது. ஏறிப் பார்த்தவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று முதலிலேயே சொன்னேன். அவருக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவர், அவரை இருபது வருஷம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன ஓட்டுநர். அந்தத் தொட்டி தனக்குக் கீழே இருந்த சந்துக்கு ஒரு சொட்டும் கொடுத்ததில்லை. சந்துக்காரர்களுக்கு அக்கா கடை வாசலில் ஒரு கைபம்பு உண்டு, அவ்வளவுதான். தொட்டியின் தண்ணீர் முழுவதும் நேராகக் குடியிருப்புக்கு, எங்கள் ஷவருக்கு.

குடத்தையும் வாளியையும் தூக்கிக்கொண்டு குடியிருப்பே சந்துக்குப் போனது. கைபம்புக்கு முன்னால் பதவி வரிசைப்படி நின்றோம். முதலில் இயக்குநர், தலையில் துண்டு கட்டிக்கொண்டு. அவருக்குப் பின்னால் பொறியாளர், நிர்வாக அலுவலர், மற்றவர்கள். கடைசியில் நான், எனக்குப் பின்னால் இரண்டு குடங்களோடு என் மனைவி. மேலே தொட்டி சத்தமில்லாமல் நின்றது. அக்கா கேட்டபடி ஓட்டுநர் அடைப்பானைத் திறந்து, இரவோடு இரவாகத் தண்ணீர் முழுவதையும் சாக்கடையில் விட்டிருந்தார்.

அக்கா மெஷினில் உட்கார்ந்து ஒரு கைப்பட்டியைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது அநியாயம்?" என்றார் இயக்குநர்.

"உங்க லெட்டர்தான் சார். ஆபத்தை நீக்கணும்னு ஏழு நாள் கொடுத்திருந்தீங்க. ஒரே நாள்ல நீக்கிட்டேன். எங்கப்பா நேத்து ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினார் சார். ரெண்டு வருஷத்துல முதல் தடவை."

"உடனே தொட்டியை நிரப்பணும்."

"என் தொட்டி சார் அது. விரிசலோட நிரப்ப மாட்டேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்து வந்தார். "ஆனா எனக்கு எதுக்குத் தொட்டி? இப்பவே திருப்பித் தர்றேன். எழுதியும் வச்சிருக்கேன். இதை வாங்கிக்கிட்டு, இடிச்சுட்டு வேற கட்டறோம்னு கீழே ஒரே ஒரு கையெழுத்துப் போடுங்க. நான் முதல்ல இருந்து கேக்கறது இது ஒண்ணுதானே? பேனாகூட என்கிட்டயே இருக்கு."

பேனாவை நீட்டினார். சந்தில் இருந்த சனங்கள் எல்லாம் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள்.

இயக்குநர் பேனாவைப் பார்த்தார். ஷாம்பு வழிந்து கண்ணில் இறங்கியது. கையெழுத்துப் போட்டால் புதுத் தொட்டி வரும், வீட்டில் மறுபடி தண்ணீர் வரும். போட்டால், நாளைக்கு யாராவது ஏன் போட்டாய் என்று கேட்கவும் கேட்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகப் பின்பக்கம் திரும்பினார்.

"செக்" என்றார் பொறியாளரிடம்.

பொறியாளர் நிர்வாக அலுவலரிடம் திரும்பினார். "செக்." நிர்வாக அலுவலர் தனக்குப் பின்னால் இருந்தவரிடம். செக், செக், செக் என்று அந்தச் சொல் காலி வாளிகளின் மேலாக வரிசை முழுவதும் நடந்து என்னிடம் வந்து சேர்ந்தது. பேனாவும் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. எனக்குப் பின்னால் அலுவலகத்தைச் சேர்ந்தவர் யாரும் இல்லை. பழக்கதோஷம். திரும்பி என் மனைவியைப் பார்த்தேன்.

"செக்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் என்னையும் பேனாவையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷமா வீட்டுல எதைக் கேட்டாலும் இதைத்தான் செய்றீங்க. அதுக்கு இப்படி ஒரு பேர் இருக்குன்னு இன்னிக்குத்தாங்க தெரியுது."

இரண்டு குடங்களையும் என் கையில் திணித்துவிட்டு, அக்காவோடு பேசப் போய்விட்டாள். மணி ஒன்பதரை ஆனது. பம்பில் தண்ணீர் இருந்தது; ஆனால் கைப்பிடியை யார் முதலில் அடிப்பது என்று முடிவாகாததால் வரிசை நகரவில்லை.